துரைமுக்கில் யாரும் வேலை செய்யவில்லை

கேரள மலையில் இருக்கிற எங்கள் மேல்ச்சோலையில் துரைமுக்கு என்று ஒரு முக்கு இருக்கிறது. வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல அதில் ஒன்றுமில்லை. ஒரு வெயிட்டிங் ஷெட், ஒரு டீக்கடை, ஏழெட்டு ஜீப், மாடியில் யூனியன் ஆபீஸ், எதிர்ச் சரிவில் மாதா கோயில். குமுளியிலிருந்து வருகிற பஸ் அங்கே ஒரே வீச்சில் திரும்பி ஆனைக்கரைப் பக்கம் போய்விடும். மலைச் சாலையில் அவ்வளவு அகலமான முக்கு அபூர்வம். எங்கள் ஊருக்குப் பெருமை என்று ஏதாவது இருந்தால் அந்த அகலம்தான். கல்யாணத்துக்கு வேன் ஓட்டி வருகிறவன்கூட, "உங்க ஊருல மட்டும்தான் ரிவர்ஸ் எடுக்காம திரும்பலாம்" என்று சொல்லிவிட்டுப் போவான்.

அது பிறவியிலேயே அகலமான முக்கு இல்லை. 1962இல் எஸ்டேட்டுக்குப் புதிதாக வந்த துரை நீளமான கார் ஒன்று வாங்கினார். பங்களாவுக்குப் போகிற வழியில் அந்த முக்கில் முன்னும் பின்னுமாக மூன்று தடவை எடுத்தால்தான் கார் திரும்பும். தொழிலாளிகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு துரை பின்னால் போவது நிர்வாகத்துக்கு நல்லதல்ல என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இந்தக் காரணமெல்லாம் எங்களுக்கு இப்போதுதான் தெரியும். அப்போது ஊருக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: ஒரு நாள் முக்கு குறுகலாக இருந்தது, கொஞ்ச நாள் கழித்து அகலமாக இருந்தது, நடுவில் ஏழு ஆட்கள் வேலையை விட்டு மலை இறங்கிக் கம்பத்துக்கு ஓடிப்போனார்கள்.

அந்த ஏழு பேரில் ஒருவர் சுவக்கீன். அவர் மகள் அன்னாளுக்கு அப்போது மூன்று வயது. மனைவி மதலேனம்மாள் அதன் பிறகு நாற்பது வருஷம் 'ஓடிப்போனவன் பொண்டாட்டி' என்ற பெயரோடு எங்கள் மத்தியில் கொழுந்து கிள்ளினாள். நாங்கள் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எஸ்டேட் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் இரண்டு மதலேனம்மாள் இருந்தார்கள், அடையாளத்துக்குச் சொன்னோம்.

அவள் மட்டும் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். "பெரிய வெள்ளிக்கிழமை அன்னிக்கு மம்பட்டியத் தூக்கிக்கிட்டு எவன் ஓடிப்போவான்?" பதில் சொல்ல ஊரில் யாருக்கும் நேரமில்லை. ஜெபமாலை முடிந்ததும் ஏழு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லுவாள். இது இறந்தவர்களுக்கான ஜெபமா, பயணம் போனவர்களுக்கான ஜெபமா என்று சாமியார் ஒரு தடவை கேட்டார். "ரெண்டுலயும் வைங்க சாமி" என்றாள். இருபது வருஷத்துக்கு முன்னால் அவளும் செத்துப்போனாள்.

போன வருஷம் மழைக்கு முன்பு வெயிட்டிங் ஷெட்டை இடித்து வடிகால் தோண்டினார்கள். எட்டடி ஆழத்தில் ஜேசிபி மம்பட்டிகளை அள்ளிக்கொண்டு வந்தது. அடுத்த அள்ளலில் எலும்பு. எலும்போடு பித்தளை வில்லைகள். அந்தக் காலத்தில் எஸ்டேட்டில் ஆளுக்கு ஒரு நம்பர் உண்டு. அதை வில்லையில் அடித்துக் கயிற்றில் கோத்து இடுப்பில் கட்டிக்கொள்வார்கள். அறுபத்தாறு வயது அன்னாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். ஒவ்வொரு வில்லையாக முந்தானையால் துடைத்துப் பார்த்தாள். 214 கிடைத்தது. அவள் அம்மா அவளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் எண் அதுதான். ஒன்று, இரண்டு எல்லாம் அதற்கப்புறம்.

"எங்க அய்யா எங்கயும் போகல" என்று குழிக்குள் நின்றபடியே சொன்னாள். அவள் அழவில்லை. அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். மேலே நின்ற எங்களுக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அய்யாவைக் கல்லறைத் தோட்டத்தில் அம்மாவுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். எந்த எலும்பு யாருடையது என்று பிரிக்க முடியாது என்றார்கள். "ஒண்ணாக் கெடந்தவங்க ஒண்ணாவே வரட்டும். ஏழு பேரையும் நானே வச்சுக்கிடுதேன்" என்றாள்.

போலீஸ் வந்தது. எலும்புக்கு அறுபது வயதுக்கு மேல் ஆகிறது, குற்றவாளி இல்லை, புகார்தாரர் இல்லை என்று எழுதியது. அன்னாள் பக்கத்திலேயே நின்று புகாரைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். வாயால் சொன்னதால் அது கணக்கில் வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு பழைய தேயிலைப் பெட்டியில் போட்டுப் பஞ்சாயத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினார்கள். ரசீதில் 'பழைய சாமான், பெட்டி ஒன்று' என்று இருந்தது.

பஞ்சாயத்து ஆபீஸில் அன்னாளுக்கு வாய்த்தவள் சிஞ்சு என்ற கிளார்க். நல்ல பெண். வயதானவர்களைக் கண்டால் எழுந்து நாற்காலி போடுவாள்.

"அம்மச்சி, பெட்டி தரணும்னா மரண சர்ட்டிபிக்கட் வேணும்."

"அத வாங்கத்தான் தாயி வந்திருக்கேன். எழுதிக் குடு."

"மரணம் எங்கயும் பதியலயே. நான் எஸ்டேட் செக்ரோல் எடுத்து நோக்கினேன். 1962 ஏப்ரல் இருபது, பெரிய வெள்ளி, லீவு. அன்னிக்கு யாருக்கும் பேர் போடல. இருபத்தொண்ணு, சுவக்கீன் ஆப்சென்ட்."

எஸ்டேட்டில் காலையில் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். குரல் கொடுத்தவனுக்குச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் பேர் விழும். பேர் விழாதவன் மலை முழுவதையும் ஒற்றை ஆளாக வெட்டிப் போட்டாலும் வேலை செய்தவன் ஆகமாட்டான். லீவு நாளில் பேர் கூப்பிடுவதே இல்லை.

"எட்டடிக்குக் கீழ கெடந்தவரு எப்படித் தாயி பெரட்டுக்கு வருவாரு?"

"அது இதுல எழுதல அம்மச்சி. மாசம் முடியுற வரைக்கும் ஆப்சென்ட். அப்புறம் பேர் வெட்டியிருக்காங்க."

"அப்ப இன்னிய தேதிக்கு அவரு என்ன நெலமையில இருக்காரு?"

சிஞ்சு கம்ப்யூட்டரில் எதையோ தட்டிப் பார்த்தாள். "ஆப்சென்ட்தான்."

"உசுரோடவா?"

"சிஸ்டம்படி, ஆமா." அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. "தொண்ணூத்தஞ்சு வயசு. முதியோர் பென்ஷனுக்குத் தகுதி இருக்கு. ஆனா விரல் ரேகை வைக்கணும். நடக்க முடியாதவங்கன்னா அவங்க இருக்கிற எடத்துக்கே நாங்க மெஷின் கொண்டு வருவோம். இப்ப எங்க இருக்காரு?"

அன்னாள் கையை நீட்டிக் காட்டினாள். மூலையில் தேயிலைப் பெட்டி இருந்தது. அதன்மேல் சிஞ்சுவின் சாப்பாட்டுப் பை இருந்தது. அவள் எழுந்து போய்ப் பையை எடுத்து மேஜைமேல் வைத்துக்கொண்டாள். அதற்குமேல் செய்ய அவளுக்கு அதிகாரம் இல்லை.

அன்னாள் ஜோபியிடம் போனாள். ஜோபி எங்கள் வார்டு மெம்பர். அவனுடைய அம்மா கொழுந்துக்குப் போகிற நாளெல்லாம் எஸ்டேட் பிள்ளைக் காப்பகத்தில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்தவள் ஆயா அன்னாள். அவன் கையைப் பிடித்துச் சிலேட்டில் முதல் எழுத்துப் போட வைத்தவளும் அவள்தான். தேர்தலில் அவனுக்காக லயம் லயமாக ஏறி இறங்கினாள்.

"பெரியம்மா, கவலப்படாதீங்க. நல்ல நேரத்துல வந்திருக்கீங்க" என்றான் ஜோபி. "பைத்ருக மிஷன் வந்திருக்கு."

பைத்ருகம் என்றால் பாரம்பரியம். மலையூர்ப் பைத்ருக மிஷன் என்ற அமைப்பு அந்த வருஷம் 'ஒரு முக்கு, ஒரு கதை' என்று திட்டம் போட்டிருந்தது. ஊருக்கு ஒரு முக்கைத் தேர்ந்தெடுத்து, கதை எழுதி, கல் நட்டு, விளக்குப் போட்டு, டூரிஸ்டுகள் படம் பிடிக்கத் தோதாகச் செய்துகொடுப்பார்கள். சிறந்த முக்குக்குப் பரிசும் உண்டு. எங்கள் ஊரில் அதுவரை கதை கிடைக்கவில்லை. எனவே எலும்பு கிடைத்த செய்தியை மிஷன் மனமார வரவேற்றது.

மிஷனின் ஆலோசகர் அமர்நாத். பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர், பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டையில் மடிப்புக் கலையாமல் கூட்டத்துக்கு வந்தார். அன்னாளை முன்வரிசையில் உட்காரவைத்து, வணங்கிவிட்டுத்தான் பேசத் தொடங்கினார்.

"எலும்பு நல்ல விஷயம் ஆக்கும். நான் வேண்டாம்னு சொல்லலை. ஆனா டூரிஸ்டு குடும்பத்தோட வருவா. கொழந்தைகள் ஐஸ்கிரீம் தின்னுண்டிருக்கறச்சே போர்டுல மரணம்னு இருந்தா மனசுக்கு ஒரு மாதிரி இருக்கும், கேட்டேளா. சரித்திரம் வேணும். அது யாரையும் தொந்தரவு பண்ணப்படாது. ஃபாரத்துல நாலு இனம்தான் இருக்கு. தேயிலை, மசாலா, மழை, மத ஒற்றுமை."

"செத்தவங்கள எதுல சேப்பீங்க?" என்று அன்னாள் கேட்டாள்.

"அதைத்தான் எல்லாருமா யோசிக்கப்போறோம்."

யோசித்தார்கள். முக்கை வெட்டும்போது மண் சரிந்து செத்ததால் மழையில் சேர்க்கலாம் என்றார் ஒருவர். ஏப்ரலில் மழை இல்லை என்று பதிவேடு சொன்னது. எஸ்டேட் ஆட்கள் என்பதால் தேயிலையில் சேர்க்கலாம் என்றார் இன்னொருவர். ரோடு வெட்டுவது தேயிலை ஆகாது. கடைசியில் அமர்நாத்தே கண்டுபிடித்தார். ஒரே குழிக்குள் ஐந்து கிறிஸ்தவர், இரண்டு இந்து. எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். ஒரு முஸ்லிமும் இருந்திருந்தால் முதல் பரிசு உறுதி என்று ஒரு உறுப்பினர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

இடைஞ்சல் ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. எஸ்டேட் கம்பெனி பதில் அனுப்பியிருந்தது: பெரிய வெள்ளியன்று எங்கள் எஸ்டேட்டில் யாரும் வேலை செய்யவில்லை, செய்திருந்தால் அவர்கள் எங்கள் ஆட்கள் இல்லை. அமர்நாத் கடிதத்தை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "இதுக்கும் வழி இருக்கு" என்றார். ஜோபியிடம் ஏதோ தாழ்ந்த குரலில் சொன்னார். ஜோபி தலையாட்டினான்.

அடுத்த வாரம் ஜோபி ரொட்டிப் பாக்கெட்டும் ஒரு கத்தைக் காகிதமுமாக அன்னாள் வீட்டுக்கு வந்தான். காகிதம் எல்லாம் மலையாளத்தில் இருந்தது. அன்னாள் எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் நாலாவது வரை படித்தவள். மலையாளம் பேசுவாள், திட்டுவாள், ஜெபம்கூடச் சொல்லுவாள், வாசிக்க மட்டும் தெரியாது. எங்களில் பாதிப் பேர் அப்படித்தான். ரேஷன் கார்டிலிருந்து மகள் கல்யாணப் பதிவு வரைக்கும் யாராவது விரல் வைத்துக் காட்டுகிற இடத்தில்தான் கையெழுத்துப் போட்டுப் பழகியிருக்கிறோம்.

"என்னலே எழுதியிருக்கு?"

"எலும்பு விஷயமா உள்ளதுதான் பெரியம்மா. மூணு எடத்துல போடுங்க."

"அய்யா பேரு எங்க இருக்கு?"

அவன் ஒரு வரியின்மேல் விரல் வைத்தான். அன்னாளும் அந்த வரியைத் தடவிப் பார்த்தாள். அப்புறம் மூன்று இடத்தில் 'அன்னாள்' என்று நிறுத்தி நிதானமாக எழுதினாள்.

"அப்ப குழி வெட்டச் சொல்லிரட்டுமா?"

"சொல்லிருங்க" என்றான் ஜோபி. ரொட்டியை அவள் டீயில் நனைத்துக் கொடுத்தாள், தின்றுவிட்டுப் போனான்.

மதலேனம்மாளின் கல்லறைக்குப் பக்கத்தில் அன்னாள் குழி வெட்டவைத்தாள். மழை வந்தது. குழியில் தண்ணீர் நின்றது. வாரம் ஒரு தடவை வாளியோடு போய் இறைத்துவிட்டு வந்தாள். திறப்பு விழாவுக்குத் தேதி குறித்ததும் எல்லாம் அன்றைக்கே முடிந்துவிடும் என்று ஜோபி சொன்னான்.

விழா நாளில் முக்கு மாறிப்போயிருந்தது. புது ஷெட், வழுவழுவென்று தரை, வண்ண விளக்கு. நடுவில் சிமெண்ட் பீடமும் அதன்மேல் துணி மூடிய கருங்கல்லும். அன்னாள் அம்மாவின் வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். வந்ததிலிருந்து அவள் கண் தேயிலைப் பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தது.

அமர்நாத் மைக்கைப் பிடித்தார். அவர் கையில் பழுப்பேறிய கோப்பு ஒன்று இருந்தது.

"இது எஸ்டேட் பங்களாவில கெடச்ச ஃபைல். அந்தக் காலத்துலயே ஒரு சிரமமான சங்கதிய எத்தனை நாகரிகமாத் தீர்த்திருக்கா பாருங்கோ. முக்குல ஒரு அசம்பாவிதம். மறுநாள் சாயங்காலமே எஸ்டேட், யூனியன், கோயில், மூணு பேரும் ஒரே மேஜையில இருந்து சாயா குடிச்சு, ஒரு வாக்குவாதம் இல்லாம, அந்த ஏழு பேரும் ஊரை விட்டுப் போயிட்டான்னு ஏகமனசாத் தீர்மானம் பண்ணியிருக்கா. எஸ்டேட்டுக்கு ரோடு ஆச்சு. யூனியனுக்கு இந்த முக்குல ரெண்டு சென்ட் எடம். கோயிலுக்கு மணி. யாருக்கும் ஒரு நஷ்டம் இல்லை. இதுவாக்கும் ஒற்றுமை. இந்த மாதிரி ஊரை நான் வேற எங்கயும் பார்த்ததில்லை."

யூனியன் சார்பில் கையெழுத்துப் போட்டவர் பெயரையும் வாசித்தார். அது ஜோபியின் தாத்தா. ஜோபி எழுந்து சபைக்குக் கும்பிடு போட்டுவிட்டு உட்கார்ந்தான்.

நாங்கள் மாடியில் யூனியன் ஆபீஸை நிமிர்ந்து பார்த்தோம். எதிர்ச் சரிவில் கோயில் மணியைப் பார்த்தோம். மதலேனம்மாள் செத்தபோது அடித்ததும் அந்த மணிதான். பிறகு கைதட்டினோம். பேசி முடித்தவருக்குக் கைதட்டுவது எங்களுக்குப் பழக்கம்.

துணியை விலக்க அன்னாளைக் கூப்பிட்டார்கள். அவள் இழுத்தாள். கல்லில் மேலே மலையாளம், கீழே தமிழ். அவள் தமிழை எழுத்துக் கூட்டி வாசித்தாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் ஊர் முழுக்கக் கேட்டது.

'1962 புனித வெள்ளியன்று, விடுமுறையையும் பாராமல், மனமுவந்து சிரமதானம் செய்து இந்த முக்கை அகலப்படுத்தித் தந்து, புகழை நாடாமல் ஊரை விட்டு விடைபெற்ற ஏழு நல்ல உள்ளங்களின் நினைவாக. தகவல் அளித்தவர்: அன்னாள், சுவக்கீனின் மகள்.'

ஏழு பேரில் ஒருவர் பெயரும் கல்லில் நேராக இல்லை. சுவக்கீன் பெயர் இருந்தது, மகளை அடையாளம் காட்டுவதற்காக.

"ஊர விட்டுன்னு போட்டிருக்கே ஜோபி?"

"பெரியம்மா, எல்லாரும் பாக்காங்க."

"நான் எப்பலே அப்படிச் சொன்னேன்?"

"நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க" என்றான் அவன், கல்லைப் பார்த்துக்கொண்டு. "அப்படி எழுதலைன்னா கம்பெனி எடத்தத் தராது. முக்கு நம்ம கைய விட்டுப் போயிரும்."

"பெட்டி எங்க?"

அதற்கு அமர்நாத் பதில் சொன்னார். அவருக்கு அதில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது. "இதோ, இந்தப் பீடத்துக்கு அடியிலதான். பெட்டியோட எறக்கி காங்கிரீட் போட்டாச்சு. அவா வேலை பண்ணின மண்ணுலயே இருக்கட்டும்னு நீங்களே சம்மதம் தந்திருக்கேள். மூணாவது கையெழுத்து."

அன்னாள் பீடத்தைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் ஜோபியின் வலது கையைப் பார்த்தாள். அவள் பிடித்து எழுதச் சொல்லிக்கொடுத்த கை. அடிப்பாளோ என்று நினைத்தோம். அவள் மைக் பக்கம் திரும்பினாள். இரண்டு வார்த்தை பேசப்போகிறாள் என்று ஜோபி அறிவித்தான்.

அவள் பெரட்டுக்களத்தில் கூப்பிடுகிற மாதிரி கூப்பிட்டாள். "சுவக்கீன்." குரல் கொடுக்க ஆகிற நேரம் வரை நிறுத்தினாள். நாங்கள் கைதட்டினோம். "சூசை." தட்டினோம். "இன்னாசி. சந்தியாகு. மிக்கேல்." அதற்குள் தட்டுகிற கை குறைந்துவிட்டது. "மாடசாமி. இசக்கி." அதற்கு யாருமே தட்டவில்லை. டீக்கடையில் பால் பொங்குகிற சத்தம் கேட்டது. எனக்கு அன்றைக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

சிஞ்சுவுக்கு அன்று மினிட்ஸ் எழுதுகிற வேலை. நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பது விதி. 'திருமதி அன்னாள் ஏழு பேரை அழைத்தார். ஏழு பேரும் ஆஜராகவில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு அழுதாள் என்று பிறகு சொன்னார்கள். மினிட்ஸ் அப்படியே நிறைவேறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே வெளியே நிற்கும்போது அன்னாள் கடப்பாரையோடு கல்லறைத் தோட்டத்துக்குள் போனாள். அம்மாவின் தலைமாட்டில் இருந்த குருசைப் பெயர்த்தாள். எஸ்டேட் தண்டவாள இரும்பில் செய்த குருசு, நல்ல கனம். அதைத் தோளில் வைத்துக்கொண்டு சரிவில் இறங்கினாள். துரைமுக்கில் வடிகாலுக்குத் தோண்டி மூடிவிட்டுத் தார் போடாமல் விட்டிருந்த இடம் ஒன்று உண்டு, வண்டிகள் வீச்செடுத்துத் திரும்புகிற சரியான நடுவில். அங்கே ஊன்றி, கல் வைத்து இறுக்கி, மண்ணை மிதித்துவிட்டாள்.

"என்ன பெரியம்மா இது?" என்றான் டீக்கடைக்காரன்.

"அவரு வர முடியலல்ல. அம்மா வந்துட்டா."

பத்தேகால் பஸ் வந்து நின்றது. டிரைவர் ஹாரன் அடித்தார். பிறகு ரிவர்ஸ் எடுத்தார்.

குருசை அகற்ற அன்றைக்கே கோப்புத் திறந்தார்கள். ரோடு பொதுமராமத்துத் துறைக்குச் சொந்தம் என்றது பஞ்சாயத்து. குருசு கோயிலுக்குச் சொந்தம் என்றது பொதுமராமத்து. கல்லறைக் குருசை எடுப்பது பிஷப்பின் அதிகாரம் என்றார் சாமியார். மத விஷயத்தில் மேலிட உத்தரவு வேண்டும் என்றது போலீஸ். ஏழு பேர் ஓடிப்போனதாகக் கையெழுத்துப் போட ஒரு சாயங்காலம் போதுமாக இருந்த ஊரில், ஒரு குருசை எடுக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட ஒருவர்கூட அகப்படவில்லை. மூன்றாம் நாள் யாரோ அதற்கு மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். அதோடு கோப்பு மூடிக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து ஜோபி ஜீப்பில் வந்து இறங்கினான். அன்னாள் புது ஷெட்டில் உட்கார்ந்திருந்தாள். இப்போதெல்லாம் பகல் முழுக்க அங்கேதான் இருக்கிறாள்.

"பெரியம்மா, மிஷன்காரங்க பரிசுக்குப் பாக்க வாராங்க. குருசு உங்க அம்மாவுக்கு உள்ளது. நீங்க சம்மதிச்சா போதும், வேற யார்கிட்டயும் போக வேண்டாம். ஒரே ஒரு கையெழுத்து." காகிதத்தை நீட்டினான். "தமிழ்லயே எழுதிக் கொண்டுவந்திருக்கேன்."

அவள் வாங்கி முழுதும் வாசித்தாள். எழுத்துக் கூட்டி வாசித்ததால் நேரம் ஆனது. திருப்பிக் கொடுத்தாள்.

"எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்க. ஒரு வரி விட்டுப்போச்சு. எங்க அய்யா பேரப் போட்டு, வேலையில செத்துட்டாருன்னு எழுது. மீதி ஆறு பேருக்கும் எழுது. கல்லுலயும் வெட்டு. அன்னிக்குப் போடுதேன்."

ஜோபி காகிதத்தை மடித்துக்கொண்டான். யூனியன் ஆபீஸ் மாடியை ஒரு தடவை பார்த்தான். அப்புறம் ஜீப்பில் ஏறினான்.

ஜீப் குருசுவரை போய் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி போனது, மறுபடி பின்னால் வந்தது. மூன்றாவது தடவைதான் திரும்பியது. டீக்கடையிலும் ஷெட்டிலும் நின்றபடி நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.